எதிராளிக்காக ஜெபிப்பதும் வழக்கு நடத்துவதும்

கேள்வி: எங்கள் பூர்வீக நிலத்தில் மூன்று சென்டைச் சித்தப்பா மகன் வளைத்துப் போட்டுவிட்டான். வழக்கு நடக்கிறது. பாஸ்டர் சொன்னபடி அவனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், மனசு ஆறவில்லை. ஒரு பக்கம் கோர்ட், ஒரு பக்கம் ஜெபம் என்பது வேஷம் ஆகாதா?

பதில்: ஆகாது, சகோதரரே. வழக்கை நடத்துங்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், அவருடைய மகன்கள் பத்து வயது பிலிப்பையும், ஆறு வயது தீமோத்தேயுவையும் உயிரோடு எரித்தார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மையார் வெளிப்படையாகவே சொன்னார், அவர்கள் ஊழியம் செய்துவந்த பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். வழக்கு அதன்போக்கில் நடந்தது; முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் மன்னித்தது பொய் என்று யாராவது சொல்ல முடியுமா?

எனக்கு உறுத்துவது வேறு. அவனுக்காக என்ன கேட்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. "ஆண்டவரே, அவன் செய்தது தப்பு என்று அவனுக்கு உணர்த்தும்" என்பதுதானே? அது அவனுக்கான ஜெபம் இல்லை, அவன்மேல் கொடுக்கும் புகார். கோபமாகச் சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்தேன். பல வருஷத்துக்கு முன் சபைக் கமிட்டித் தேர்தலில் என்மேல் பணப்பழி சுமத்திய ஒருவருக்காக முழங்கால் போட்டேன். அவர் பெயரைச் சொன்னதும் அடுத்த வார்த்தை வரவில்லை, வந்ததெல்லாம் அவர் செய்த அநியாயத்தின் பட்டியல்தான். அப்புறம் அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருப்பது ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்குப் புண் ஆற வேண்டும், ராத்திரி இரண்டு மணி நேரமாவது தூக்கம் வர வேண்டும் என்று கேட்டேன், அதைக் கேட்க முடிந்தது. மூன்றாவது வாரமோ என்னவோ, அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும் அவருடைய முதுகுவலிக்காகவும் கேட்டேன். பழியை அவர் வாபஸ் வாங்கவில்லை, இன்றுவரை.

வேதாகமத்தில் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். அவன் உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது, நீ பாவம் செய்திருப்பாய் என்று மாற்றி மாற்றிக் குற்றம் சாட்டியவர்களுக்காகத்தான் அவன் வேண்டுதல் செய்தான், அப்போதுதான் அவன் சிறையிருப்பு, அதாவது அவன் பட்ட துன்பம், மாறியது.

உங்கள் சித்தப்பா மகனுக்குப் பிள்ளைகள் இருக்கும், கடன் இருக்கும், அந்த வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருக்கும். சொந்தக்காரர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? இன்று ராத்திரி நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அதைக் கேளுங்கள். வாய்தா அன்று கோர்ட்டுக்கும் போங்கள்.