மாதம் ஒருமுறை ஓடும் காருக்கு எந்தப் பெற்றோல்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் 2013 ஆம் ஆண்டு டொயோட்டா 86 ஒன்று நிற்கிறது. எனக்குக் கொழும்பில் வேலை. மாதம் ஒருமுறை வந்து ஓட்டினாலே பெரிய விஷயம். போன முறை மச்சான் 92 ஒக்டேன் 20 லீற்றர் அடித்துவிட்டான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பா 5 நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறார். தை பிறந்ததும் 6 மாதம் வெளிநாடு போகிறேன். எந்தப் பெற்றோல் நல்லது? பழுதாகாமல் இருக்க ஸ்டெபிலைசர் ஊற்ற வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நீங்கள் கேட்டதில் உங்களுக்குக் கவலையே தராத விஷயம் ஒன்று இருக்கிறது. காருக்கு அதிகக் கெடுதல் செய்வது அதுதான்: அப்பாவின் வெள்ளிக்கிழமை. அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் பெற்றோல்.

பெற்றோல் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள். ஜப்பானிலிருந்து நேராக வந்த கார் என்றால் அங்கே ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 'முஎன் ப்ரீமியம்' என்று படிக்க வேண்டும். ஈயம் கலக்காத உயர்தரப் பெற்றோல் என்று பொருள். ஜப்பானியத் தரத்தின்படி ப்ரீமியம் என்றால் குறைந்தது 96 ஒக்டேன், சாதாரணம் என்றால் குறைந்தது 89. உங்கள் எஞ்சினின் அமுக்க விகிதம் 12.5க்கு 1, அதாவது உள்ளே இழுத்ததை 12.5 இல் ஒரு பங்காக நசுக்கும். வீதியில் ஓடும் காருக்கு இது மிக அதிகம். இவ்வளவு அமுக்கத்தில் குறைந்த ஒக்டேன் பெற்றோல், ஸ்பார்க் பிளக் மூட்டிய சுவாலை வந்து சேரும் வரை பொறுத்திராமல் சில வேளை தானாகவே வெடிக்கும். 'கட கட' என்று கேட்கும் அந்தச் சத்தம்தான் நொக்கிங். அதை உணரும் சென்சர் உள்ளே இருக்கிறது. கம்பியூட்டர் உடனே பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். ஆனால் அது விபத்துக் காப்புறுதி மாதிரி. இருக்கிறதே என்று தினமும் போய் மோதிப் பார்க்க முடியாது.

ஆகவே 95 தான். ஜப்பான்காரன் கேட்ட 96க்கு ஒன்று குறைவு, அதைக் கம்பியூட்டர் சமாளித்துவிடும். கச்சான் காற்றுக் கால வெயிலில், உயர் கியரில், குறைந்த வேகத்தில் அக்சிலேட்டரை அடியோடு மிதிக்காமல் இருந்தால் போதும். கடையில் விற்கும் ஒக்டேன் பூஸ்டர் போத்தலை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். '10 புள்ளி கூடும்' என்று அதில் எழுதியிருந்தால் பெரும்பாலும் 95 ஆனது 96 ஆகும் என்றுதான் அர்த்தம். அந்தத் தொழிலில் ஒரு புள்ளி என்பது 0.1.

எந்தப் பெற்றோல் செட்டில் அடிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். எல்லா இடத்திலும் 95 கிடைக்காது. கிடைக்கும் இடத்திலும் 92 போல வேகமாக விற்காது. விற்பனை குறைந்த செட்டில் நிலத்தடித் தாங்கியிலேயே அது நாட்கணக்கில் கிடந்திருக்கும். ஆகவே நெரிசலான செட்டாகத் தேடிப் போங்கள். பவுசர் நின்று இறக்கிக்கொண்டிருந்தால் அன்று அடிக்க வேண்டாம், அடியில் படிந்ததெல்லாம் கலங்கி மேலே வந்திருக்கும். மாரியில் வெள்ளம் நின்ற செட்டையும் சில நாள் தவிர்த்துவிடுங்கள்.

இனி, பெற்றோல் ஏன் பழுதாகிறது? அது ஒரே திரவம் அல்ல, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் இலேசானவை முதலில் ஆவியாகிப் போகும். குளிர்ந்த எஞ்சின் சட்டென்று பற்றிக்கொள்வது அவற்றால்தான், ஆகவே ஸ்டார்ட் ஆவது சிரமமாகும். மிஞ்சியதில் ஒரு பகுதி காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாகும். அது இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகளில் படியும். உங்கள் எஞ்சினில் 4 சிலிண்டருக்கு 8 இன்ஜெக்டர்கள். பாதி நேராக சிலிண்டருக்குள் அடிக்கும், பாதி அதற்குக் காற்றுப் போகும் வழியில் அடிக்கும். அடைத்தால் செலவு லேசில் போகாது.

2022 வரிசைக் காலத்தில் நானும் புத்திசாலி என்று நினைத்து ஒரு கான் பெற்றோலை வீட்டு மூலையில் ஒளித்து வைத்தேன். தண்ணீர் எடுக்கும் பிளாஸ்டிக் கான். கியூஆர் கோட்டா வந்ததும் அதை மறந்தே போனேன். ஒன்பது மாதம் கழித்து மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கால் மணிநேரத்தில் நின்றுவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பலாப்பால் மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு பிசின், மணம் அப்படியே வார்னிஷ். வீட்டுக்குள் பெற்றோல் வைத்ததே பெரிய மடத்தனம் என்பது வேறு கதை.

இணையத்தில் நீங்கள் வாசித்திருக்கக்கூடிய ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர் எழுதியவை. பனிக்காலத்தில் காரைக் கராஜில் பூட்டிவிட்டு வசந்தத்தில் எடுப்பவர்கள் அவர்கள். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த மாதிரி இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அங்கே 10 பாகைக் குளிரில் 6 மாதம் தாங்கும் பெற்றோல், இங்கே 35 பாகை வெயிலில், தகரக் கொட்டகைக்குள் அதே 6 மாதம் தாங்கும் என்று எதிர்பார்க்கலாமா? இன்னொரு வித்தியாசமும் உண்டு. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பெற்றோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சி, அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். அங்குள்ளவர்களின் பயத்தில் பாதி அதைப் பற்றியது. நம் நாட்டில் எத்தனால் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அந்தப் பாதியை நீங்கள் விட்டுவிடலாம்.

எண்ணெயைச் சேமிப்பது திருகோணமலைக்குப் புதிதல்லவே என்று கேட்பீர்கள். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய குதங்கள் ஒவ்வொன்றும் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். ஆனால் அவை முக்கியமாகக் கப்பல்களின் உலை எண்ணெய்க்குக் கட்டியவை. அது தடித்த சாமான், கிடக்கும். பெற்றோலுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் தாங்கி 50 லீற்றர். ஒரு தடவை வந்தால் 70 கிலோமீற்றர் ஓடுவீர்கள், லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வைத்தால் 7 லீற்றர் எரியும். நிரப்பிவிட்டால் தீர 7 மாதம் ஆகும். அவ்வளவு காலம் வேண்டாம். இந்த வெயிலுக்கு 3 மாதத்துக்குள் எரித்து முடிக்கக்கூடிய அளவுதான் என் கணக்கு. அதாவது 20 முதல் 25 லீற்றர். ஒவ்வொரு முறை வரும்போதும் எரிந்த அளவுக்குப் புதிதாக ஊற்றுங்கள். இடையிடையே கால் தாங்கி வரை இறங்கவிட்டு அப்புறம் ஊற்றுங்கள், அப்போதுதான் பழையது வெளியே போகும். அதற்குக் கீழே இறக்க வேண்டாம். தாங்கிக்குள் இருக்கும் பம்ப், சுற்றியுள்ள பெற்றோலில்தான் குளிர்கிறது. இப்படி ஓட்டும் வரைக்கும் ஸ்டெபிலைசர் தேவையே இல்லை. எரித்துத் தீர்ப்பதை விட நல்ல ஸ்டெபிலைசர் கிடையாது.

வெளிநாடு போகும் 6 மாதத்துக்குத்தான் அது தேவை. போகும் காலத்தில் கச்சானும் வரும், சித்திரை வெயிலும் வரும். ஸ்டெபிலைசரில் உள்ள முக்கியமான சரக்கு ஒட்சிசனேற்றத்தைத் தடுக்கும் மருந்து. அது பிசின் உண்டாவதைத் தாமதிக்கும், உண்டான பிசினைக் கரைக்காது. ஊறுகாய் போடுவது மாதிரிதான்: மாங்காய் நல்லதாக இருக்கும்போது உப்புப் போட வேண்டும், அழுகிய பிறகு போட்டு என்ன? ஆகவே புறப்படும் வாரத்தில் பழையதை எரித்துவிட்டு, போத்தலில் சொன்ன அளவை ஊற்றி, அதன் மேல் புதிய 95 ஐ நிரப்புங்கள். ஊற்றும் வேகத்தில் கலந்துவிடும். ஸ்டா-பில் என்றால் 9.5 லீற்றருக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். 50 லீற்றருக்கு 160. லிக்கி மோலி என்றால் 5 லீற்றருக்கு 25, மொத்தம் 250. நிரப்பும்போது நொசில் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் விட்டுவிடுங்கள். விளிம்பு வரை திணித்தால் ஆவியைப் பிடிக்கும் கரிப் பெட்டிக்குள் பெற்றோல் போய்விடும். அங்கிருந்து நிலாவெளி வரை ஒரு ஓட்டம் ஓடினால் மருந்து கலந்த பெற்றோல் குழாய்களுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போய்ச் சேரும். நீண்ட காலத்துக்கு மட்டும் ஏன் நிரப்பச் சொல்கிறேன் என்றால், தாங்கியில் காற்றுக்கு இடம் குறைந்தால் ஆவியாவதும் குறையும், ஒட்சிசனும் குறையும்.

ஸ்டெபிலைசர் போத்தலைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். லண்டனிலிருந்து வரும் மாமாவிடம் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தீப்பிடிக்கும் திரவம், விமானத்தில் விடமாட்டார்கள்.

மச்சான் அடித்த 92 பற்றி: கழற்றிக் கொட்ட வேண்டியதில்லை. மிச்சம் இருக்கும் அளவுக்கு மேலே 95 ஊற்றினால் ஏறத்தாழ 93.5 ஆகும். அதை மெதுவாக ஓட்டித் தீர்த்துவிட்டு அடுத்த முறை முழுக்க 95. மச்சானைத் திட்ட வேண்டாம், சாவியை மட்டும் கொடுக்காதீர்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை. 1 லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ அதே அளவு தண்ணீர் ஆவியாக உண்டாகும். ஓடும் காரில் அது சூட்டோடு வெளியே போய்விடும். 5 நிமிடத்தில் சைலன்சர் சூடாகாது. தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்க வைக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் தாராளமாகத்தான் போகும், எரியாத மிச்சம் பிஸ்டனைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஸ்டார்ட்டர் இழுத்த மின்னை பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்கவும் அந்த 5 நிமிடம் காணாது. ஒன்றில் அப்பா குச்சவெளி வரைக்கும் போய் வரட்டும், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். நீங்கள் இல்லாத 6 மாதமும் அவர் மாதம் ஒருமுறை அப்படிப் போய் வருவார் என்றால் ஸ்டெபிலைசர் காசும் மிச்சம். ஓட்டப் பயப்படுகிறார் என்றால் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் துணியும் எடுத்துக் கடல்காற்றின் உப்பைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். உப்புவெளியில் அந்த வேலையையும் யாராவது செய்யத்தான் வேண்டும்.