சொரியாசிஸுக்குக் கிருமிதான் காரணமா? வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போன இரண்டு வாரத்தில் முதுகிலும் வயிற்றிலும் செதிலுடன் சிவந்த பொட்டுகள். சொரியாசிஸ் என்கிறார்கள். தொண்டைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு தாய், பாலக்கோடு

நெருங்கிய சம்பந்தம் உண்டு, அம்மா. இது துளி வகை சொரியாசிஸ். தொண்டையில் தங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியாதான் பெரும்பாலும் இதைக் கிளப்பிவிடுகிறது. வழக்கமாக ஒரு கிருமி நுழைந்தால், அதை அடையாளம் காணத் தெரிந்த மிகச் சில டி செல்களே (நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளை அணுக்கள்) விழித்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாவின் சில நச்சுகள் அந்த ஒழுங்கை மீறி, ஐந்தில் ஒரு பங்கு டி செல்களைக்கூட ஒரே நேரத்தில் உசுப்பிவிட வல்லவை. 'சூப்பர் ஆன்டிஜென்' என்று இவற்றுக்குப் பெயர். போதாக்குறைக்கு, கிருமியின் எம் புரதத்தில் சில பகுதிகள் நம் தோலின் கெரட்டின் புரதத்தை ஒத்திருக்கின்றன. கிருமியைத் தேடிக் கிளம்பிய செல்கள் தோலின் மேல் பாய்வதற்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வகுப்பில் பாதிப் பேருக்குத் தொண்டை வலி வந்தாலும் எல்லாருக்கும் பொட்டு வருவதில்லை; பரம்பரை வாகும் வேண்டும். எச்.எல்.ஏ–சி 06:02 என்ற மரபணு வகை உள்ளவர்களிடம் இது அதிகம். பல பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் தானே மறையும்; சிலருக்கு நாள்பட்ட படையாக, அதாவது செதிலுடன் தடித்த திட்டாகத் தொடரும். தொண்டையில் தொற்று இன்னும் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவை. அதனால் பொட்டுகளும் மறையும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். தொண்டைத் தொற்று வரும்போதெல்லாம் தோலும் சேர்ந்து சீறினால் மட்டுமே டான்சில் அறுவையைப் பற்றிப் பேசலாம்.

முழங்கைப் படையில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. ஆன்டிபயாடிக் களிம்பு போடட்டுமா?
– ஓசூர் வாசகர்

சீழ், மஞ்சள் பொருக்கு, வலி எதுவும் இல்லையென்றால் வேண்டாம். சொரியாசிஸ் படைகளில் இந்தக் கிருமி அடிக்கடி காணப்படுவதுதான். இதன் நச்சுகளிலும் சில சூப்பர் ஆன்டிஜென்கள், அழற்சியைக் கூட்டக்கூடும். ஆனாலும் படையில் கிருமிகொல்லிப் புரதங்கள் ஏராளமாகச் சுரப்பதால் சீழ்பிடிப்பது எக்ஸிமாவை விட மிகக் குறைவு. அவற்றில் ஒன்றான பீட்டா டிஃபென்சின்–2, 1997இல் சொரியாசிஸ் செதிலிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது! கிருமியை ஒழித்தாலும் நோய் நிற்காது. கோளாறு நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில்: ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் கலந்த டியூபை, சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கித் தடவுவது. ஒரு வாரம் அழகாக மறையும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதனால் வந்திருக்குமா?
– காரிமங்கலம்

ஃப்ளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும். சொரியாசிஸுக்கு அதைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை.

ஒகேனக்கலில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளலாமா? ஒட்டிக்கொள்ளும் என்று தேய்ப்பவர் மறுத்துவிட்டார்.
– பென்னாகரம்

ஒட்டாது. படையில் கிருமி இருந்தாலும் இது தொற்றுநோய் அல்ல, தாராளமாகச் சொல்லுங்கள். எண்ணெய் செதிலை இளக்கும், நல்லதே. ஆனால் அங்கே தேய்க்கும் தேய்ப்பு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். சிராய்த்த இடத்தில் ஓரிரு வாரங்களில் புதுப் படை முளைப்பது இந்நோயின் குணம். ஆகவே மென்மையாகத் தடவச் சொல்லுங்கள். வெடிப்போ ரத்தக்கசிவோ இருக்கும் நாட்களில் போக வேண்டாம்.