பிரெஞ்சு வினைச்சொற்களை எப்படி அசை பிரித்து உச்சரிப்பது? கடைசி எழுத்துகள் ஏன் ஒலிப்பதே இல்லை?

எழுத்தைப் பார்த்து அசை எண்ணாதீர்கள். காதில் எத்தனை உயிரொலி விழுகிறதோ, அத்தனை அசை.

'பேசு' என்னும் 'பார்லே' வினையைப் பாருங்கள். நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் நால்வருக்கும் ஒலி ஒன்றுதான்: 'பார்ல்'. ஒரே அசை. 'அவர்கள்' வடிவத்தின் கடைசியில் ஈ, என், டி (ent) என்று மூன்று எழுத்து நிற்கும், மூன்றும் ஊமை. விகுதி காதில் விழுவது 'நாம்' (பார்-லோன், ன் மூக்கோடு நின்றுவிடும்), 'நீங்கள்' (பார்-லே) இரண்டில்தான். பஸ்ஸை 'பஸ்ஸு' ஆக்கும் நம் நாக்கு இதையும் 'பார்லு' ஆக்கி ஓர் அசையைக் கூட்டிவிடும். மார்செய், துலூஸ் பக்கத்துக்காரர்களும் கடைசியில் ஒரு மெல்லிய உயிரைச் சேர்ப்பார்கள்தான், ஆனால் அது உகரம் இல்லை.

அதே மூன்று எழுத்து பெயர்ச்சொல்லில் வந்தால் மூக்கோடு ஒலிக்கும், கடைசி டி மட்டும் ஊமை. 'மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்னும் பிரெஞ்சு வாக்கியத்தில் மடமும் அடைகாப்பதும் எழுத்தில் அச்சாக ஒன்று (couvent). மடம் 'கூ-வான்', இரண்டு அசை; வினை 'கூவ்', ஒன்றே.

நடு எழுத்து மாறும் வினைகளை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேவையே இல்லை, அதற்கும் காரணம் அசைதான். 'அழை' என்பதன் 'நாம்' வடிவம் எழுத்தில் அ-பெ-லோன், மூன்று அசை. பேச்சில் நடு உயிர் விழுந்து 'அ-ப்லோன்'. 'நான்' வடிவத்திலோ விகுதி ஊமை என்பதால் அந்த நடு ஈ கடைசி அசைக்கு வந்துவிடுகிறது. மெய்யில் முடியும் அந்த அசையில் மங்கிய ஒலி நிற்காது, வாய் திறந்த எகரம் வேண்டும்: 'அ-பெல்'. அதைக் காட்டத்தான் எல் எழுத்தை இரட்டிக்கிறார்கள். 'வாங்கு' வினையில் (அ-ஷெத்) இரட்டிக்காமல் ஈ எழுத்தின் மேல் ஆக்சான் கிராவ் குறி (è) போடுகிறார்கள். குறி வேறு, காரணம் ஒன்று.

'விட்டுக்கொடு' என்னும் 'செதே' வினையின் எதிர்காலத்தில் எழுத்துதான் பின்தங்கியிருந்தது. ஆக்சான் தேகு குறி (é) எழுதிவிட்டு, திறந்த எகரமாகவே படித்தார்கள். 1990 எழுத்துத் திருத்தம் அங்கே கிராவையும் அனுமதித்தது. இன்று இரண்டும் செல்லும்.

மனப்பாடம் செய்தே ஆக வேண்டிய ஒன்று, 'செய்' வினையின் 'நாம்' வடிவம். ஏ, ஐ (ai) என்று எழுதியிருந்தாலும் 'ஃபே-ஸோன்' இல்லை, மங்கிய 'ஃபெ-ஸோன்'.