ஞாயிறு சமைத்தது புதனுக்குள் கெட்டுவிடுகிறதே?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். வீட்டில் நான்கு பேர், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். காலை ஏழரைக்குள் நான்கு டப்பா கட்டியாக வேண்டும். ஞாயிறன்று மூன்று நாளுக்குச் சாம்பாரும் பொரியலும் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். புதனன்று எல்லாவற்றையும் கொட்டினேன். வாங்கிய காயில் பாதி அழுகுகிறது. இட்லி மாவு இரண்டாம் நாளே புளிக்கிறது. வாரத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

பதில்: சாம்பாராகச் செய்து வைத்ததுதான் தவறு. பாதி வேலையை மட்டும் ஞாயிறன்று முடித்து வையுங்கள்.

பெரிய பாத்திரத்தில் சூடான சாம்பாரை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரம் குளிரும், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவேதான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. பிறகு தினமும் வெளியே எடுத்து, மொத்தத்தையும் சூடாக்கி, கரண்டி போட்டு, மீதியைத் திரும்ப வைக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் சமைத்த எதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது. சோற்றில் இன்னும் கவனம் தேவை. வெளியே கிடந்த சோற்றில் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ஞாயிறு மாலை ஒன்றரை டம்ளர் துவரம்பருப்பை மஞ்சளும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு, உப்பில்லாமல் குக்கரில் வேகவைத்து, மூன்று தட்டையான டப்பாக்களில் பிரித்து ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். திங்கள் கீரைக் கடைசலுக்கு ஒன்று, செவ்வாய் ரசத்துக்கு ஒன்று, புதன் சாம்பாருக்கு ஒன்று. புதனுக்கு மேல் இழுக்க வேண்டாம். 100 கிராம் புளியை இரண்டு டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். ஒரு குழம்புக்கு மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் போதும். தேங்காயைத் துருவி, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில் வையுங்கள். அரைத்துச் சேர்ப்பது அன்றன்று காலையில் இருக்கட்டும். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு மறுநாள் தாங்காது. காரக்குழம்பு அப்படியில்லை. புளியும் எண்ணெயும் காப்பதால் மறுநாள் ருசி கூடும். அதை மட்டும் தாராளமாக இரண்டு வேளைக்குச் செய்யலாம்.

காய் அழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு. நான்கு பேருக்குப் பொரியலுக்கு 400 கிராம், குழம்புக்கு 250 கிராம் போதும். ஐந்து நாளுக்கு மூன்றேகால் கிலோதான் ஆகிறது. உழவர் சந்தைக்குப் போகும்போது இந்தக் கணக்கை எழுதி எடுத்துப் போங்கள். விலைப்பலகையைப் பார்த்து, மலிவான காயை மாற்றி வாங்கலாம், மொத்த எடையைக் கூட்டக்கூடாது. வாங்கியதும் கழுவி வைக்கும் பழக்கத்தை விடுங்கள், ஈரம்தான் அழுகலுக்கு வழி. கீரையின் வேரை நறுக்கிவிட்டு உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம்.

எது முதலில் வாடுமோ அது முதலில் அடுப்பேற வேண்டும். திங்கள் கீரை. செவ்வாய் கத்தரிக்காய், வெண்டைக்காய். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் அன்று காரக்குழம்பு வைத்துவிடுங்கள், இரவு தோசைக்கும் அதுவே ஆகும். கத்தரிக்காய் அதிகக் குளிரில் உள்ளே கறுத்துவிடும், அதனால் வெள்ளிவரை வைத்திருக்கக் கூடாது. புதன் அவரை, பீன்ஸ். வியாழன் கேரட், கோஸ். வெள்ளிக்கு உருளை, சேனை, பூசணி. இவற்றுக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம், காற்றோட்டமான இடம் போதும், பூசணியை மட்டும் நறுக்காமல் முழுசாக வைத்திருக்க வேண்டும்.

மாவுக்கு வருவோம். நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம்: நான்கு பேருக்கு மூன்று வேளைக்கு வரும். கிரைண்டர் ஓட ஓட மாவு சூடாகி அப்போதே புளிக்கத் தொடங்குகிறது, ஆகவே ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். உப்புப் போட்டுக் கலந்ததும் மூன்று பாத்திரங்களில் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள். மற்ற இரண்டும் பொங்குவதற்கு முன்பே ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். வெளியே வைத்தது கோடையில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஃப்ரிட்ஜில் இருப்பதைத் தேவைப்படும் நாளுக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு எடுத்து வைத்தால் காலைக்குத் தயார். மார்கழி, தைக் குளிரில் மாலை ஆறுக்கே எடுத்துவிட வேண்டும். மொத்த மாவையும் முதலில் பொங்கவிட்டு அப்புறம் ஃப்ரிட்ஜில் வைப்பதால்தான் உங்களுக்கு இரண்டாம் நாளே புளிக்கிறது.

சனிக்கிழமைக்கு எதுவும் வாங்காதீர்கள். அன்று கேழ்வரகுக் களி: ஒரு கைப்பிடி அரிசி நொய்யை நன்றாக வேகவிட்டு, மாவைக் கொட்டி மூடி வைத்து, வெந்ததும் கட்டியில்லாமல் கிளறி உருட்டுங்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி. களி வேகும் நேரத்தில் ஃப்ரிட்ஜில் மீந்திருக்கும் காயை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே காய் மீந்தால், மூன்றாம் வாரம் அதைப் பாதி வாங்குங்கள்.