ஆர்டர் உள்ள டிசைனை அழிக்க விடாமல் தடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: காரைக்குடியில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் விற்கும் கடைக்கு ரெயில்ஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் ஓர் ஆப். யாரோ ஒரு டிசைனை அழித்துவிட, பழைய பில்களில் கல்லின் பெயர் காலி.

டிசைன் மாடலில் (டிசைன் டேபிளைக் கையாளும் கிளாஸ்) ஆர்டர்களுக்கான உறவை எழுதும் வரியில் 'டிபென்டென்ட்' என்பதற்கு 'டெஸ்ட்ராய்' போட்டுவிடாதீர்கள். டிசைனோடு ஆர்டர்களும் போய்விடும். 'ரெஸ்ட்ரிக்ட் வித் எரர்' போடுங்கள். ஒரே ஓர் ஆர்டர் இருந்தாலும் டெஸ்ட்ராய் நடக்காது, ஃபால்ஸ் திரும்பும், காரணம் எரர்ஸில் இருக்கும். அழிக்கச் சொல்லி வரும் கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலரில் அந்த ஃபால்ஸைக் கவனிக்க மறந்தால், அழியாத டிசைனுக்கு 'அழிக்கப்பட்டது' என்று செய்தி வரும். நானும் அப்படி அசடு வழிந்திருக்கிறேன்.

ஆனால் இது மாடல் அளவில் மட்டும்தான். கட்டளைகளை நேரடியாக அடிக்கும் கன்சோலில் யாராவது டெஸ்ட்ராய்க்குப் பதில் டிலீட் என்று அடித்தால் கால்பேக் எதுவும் ஓடாது; அழிக்கும் முன் நடக்கும் இந்தத் தடுப்பும் ஒரு கால்பேக்தான். செட்டிநாட்டு வீட்டின் முன்வாசல் தேக்குக் கதவைப் பூட்டிவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் பின்வாசலைத் திறந்து போட்ட கதைதான். அதனால் ஆர்டர் டேபிளில் டிசைன் ஐடிக்கு ஃபாரின் கீயும் (அந்த ஐடியில் ஒரு டிசைன் இருந்தே ஆக வேண்டும் என்ற டேட்டாபேஸ் விதி) சேருங்கள். யார் எந்த வழியில் அழிக்க வந்தாலும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸே மறுத்துவிடும். உங்களிடம் ஏற்கெனவே டிசைன் அழிந்து அனாதையாகிவிட்ட ஆர்டர்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் டேபிளில் கீயைச் சேர்க்கும் அந்த மைக்ரேஷனே ஓடாது.

சரி, இனி வார்க்காத டிசைனை என்ன செய்வது? அழிக்கவே வேண்டாம். 'விற்பனையில் இல்லை' என்று ஒரு ஃபீல்டு வைத்துப் பட்டியலிலிருந்து மறைத்தால் போதும். பத்து வருஷம் கழித்து, வளவு முற்றத்தில் நாலு கல் உடைந்துவிட்டது, அதே பூ வேண்டும் என்று ஓர் ஆச்சி பழைய பில்லோடு வந்து நிற்பார்.