மகளிடம் கேட்டீர்களா?

வணக்கம் சார்,

நாங்கள் நெதர்லாந்துக்கு வந்து எட்டு வருடமாகிறது. என் கணவர் அலுவலக நண்பர்களோடு சேர்ந்து பாய்மரப் படகு ஓட்டப் பழகினார், இப்போது சனி ஞாயிறு என்றால் எய்செல்மேர் ஏரியில்தான் கிடக்கிறார். வேலையை விட்டுவிட்டு, பழைய படகு ஒன்றை வாங்கி, அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் பக்கம் இரண்டு வருடம் சுற்றிவிட்டு வரலாம் என்கிறார். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 4. குழந்தைகளோடு இப்படிப் போகிறவர்களின் யூடியூப் வீடியோக்களைக் காட்டிக் காட்டி என்னைக் கரைக்கிறார். ஊரில் அம்மாவோ, "நடுக்கடலில் கொண்டுபோய் விடவா பெற்றாய்" என்று போனில் அழுகிறார். கூட்டிப்போகலாமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தோழி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கடலைக் கரையில் நின்று பார்க்கிற ஆள், படகில் ஏறினால் பத்தாவது நிமிடம் வாந்தி. படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

அம்மாவின் பயத்தில் தப்பில்லை. 1972 ஜூனில் பசிபிக் கடலில், கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே ராபர்ட்சன் என்ற பிரிட்டிஷ் குடும்பத்தின் படகைக் கொலைத் திமிங்கிலங்கள் இடித்து உடைத்தன. படகிலிருந்த 6 பேரில் இரண்டு பேர் இரட்டைப் பையன்கள், 12 வயது. காற்றடைத்த ரப்பர் தெப்பம் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் தாங்கியது, அதற்கப்புறம் மூன்று மீட்டர்கூட இல்லாத துடுப்புப் படகில் எல்லோரும். ஆமையைப் பிடித்துத் தின்று, அதன் ரத்தத்தைக் குடித்தார்கள். அம்மா லின் ஒரு நர்ஸ். படகின் அடியில் அழுக்கும் ஆமை ரத்தமும் கலந்து குடிக்க முடியாமல் தேங்கிக் கிடந்த மழைநீரை வீணாக்காமல் எனிமாவாகக் கொடுத்தார். 38 நாள் கழித்து ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் காப்பாற்றியது, ஆறு பேருமே பிழைத்தார்கள்.

இதை உங்கள் அம்மாவிடம் சொல்லித் தொலைக்காதீர்கள். ஆனால் இந்தக் கதையில் என்னைப் பிடித்துக்கொண்ட இடம் வேறு. "அப்பா கப்பல்காரர்தானே, நாமும் உலகம் சுற்றலாமே" என்று முதலில் ஆரம்பித்தவனே அந்த இரட்டையரில் ஒருவன்தான். மூத்த மகள் வழியில் பஹாமாஸில் இறங்கிக்கொண்டாள், பெற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

சுசான் ஹேவுட் என்ற பிரிட்டிஷ் சிறுமிக்கு அப்படி இறங்கிக்கொள்ள வாய்க்கவில்லை. 1976-ல் அவளுக்கு 7 வயது. பழைய காலத்துக் கடலோடி கேப்டன் குக் போன வழியில் போகலாம் என்று அப்பா 'வேவ்வாக்கர்' படகில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பிளிமத்திலிருந்து கிளம்பினார், மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்ற பேச்சோடு. நாயையும் பொம்மை வீட்டையும் விட்டுவிட்டு ஏறினாள். இந்தியப் பெருங்கடலில் ராட்சத அலை அடித்து மண்டையோடு உடைந்தது, ஒரு குட்டி பிரெஞ்சுத் தீவில் மயக்க மருந்து இல்லாமலே தலையில் பலமுறை அறுவை சிகிச்சை. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்த மூன்று வருடம் பத்து வருடமானதுதான். தபாலில் வந்த பாடங்களைத் தானாகப் படித்து, பல்கலைக்கழகங்களுக்குத் தானே கடிதம் எழுதி ஆக்ஸ்போர்டில் இடம் வாங்கினாள். பிற்பாடு சுசான் எழுதியதைப் படித்தால், கடலைவிட, இறங்கவே முடியாமல் போனதுதான் அதிகம் வலித்திருக்கிறது என்று தோன்றும்.

நீங்கள் இருக்கிற நெதர்லாந்தின் லாரா டெக்கர் கதை நேர்எதிர். படகில் பிறந்தவள், 13 வயதில் தனியாகவே உலகைச் சுற்றுகிறேன் என்றாள். நீதிமன்றம் தடுத்தும் பார்த்தது, கடைசியில் 2012-ல் 16 வயதில் சுற்றி முடித்தாள். ஆசைப்பட்டது அவள், ஆகவே அது வேறு கணக்கு.

உங்கள் மகனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. படகு ஓரத்தில் வலை கட்டி, மேல்தளத்துக்கு வரும்போதெல்லாம் லைஃப் ஜாக்கெட் போட்டுக் கயிற்றில் மாட்டிவிட்டால் நாலு வயசுப் பையனுக்கு அப்பா அம்மா இருக்கிற இடம்தான் வீடு. தொடர்ந்து ஓடுவது அட்லாண்டிக்கைக் கடக்கும்போதுதான், கேனரி தீவுகளில் இருக்கிற லாஸ் பல்மாஸிலிருந்து கரீபியனில் இருக்கிற செயின்ட் லூசியாவுக்கு 2,700 கடல்மைல், மூன்று வாரம்போல ஆகும். மற்றபடி இப்படிப் போகிறவர்கள் பெரும்பாலான நாட்கள் ஏதாவது ஒரு தீவில் நங்கூரம் போட்டுத்தான் கிடக்கிறார்கள்.

மகள்தான் சிக்கல். 11 வயதில் ஏறி 13-ல் இறங்குவாள், சிநேகிதிகள் அதற்குள் வேறு ஆட்களோடு ஒட்டியிருப்பார்கள். எட்டாம் வகுப்பில் என் அப்பாவுக்கு மாற்றல் வந்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்குப் போனதற்கே நான் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. நீங்கள் முழுக் கடிதத்திலும் கணவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், அம்மா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை.

அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள், வீடியோ எதையும் காட்டாமல். அப்புறம் இந்தக் கோடை விடுமுறை ஆறு வாரமும் வாடகைப் படகில் நாலு பேரும் கரையோரமாகப் போய்ப் பாருங்கள், அவள் பதில் அதில் மாறலாம், உங்களுடையதும் மாறலாம். பள்ளி கட்டாயம் என்ற சட்டம் இருக்கிற நாடு, அதைப் பேசி முடிக்காமல் வேலையை விடச் சொல்லாதீர்கள். கிளம்புவதென்று முடிவானால் திரும்பும் தேதியை மகள் கையாலேயே எழுதிப் படகுக்குள் ஒட்டச் சொல்லுங்கள். சுசானின் அப்பா வாயால்தான் மூன்று வருடம் என்றார்.