கொழுந்தனார் போனும் உங்கள் இ-ரீடரும்

கேள்வி: படிக்க மட்டும் ஓர் எளிய இ-ரீடர் (மின்னூல் படிக்கும் கருவி) போதும். கடையிலோ பேனாவால் எழுதும் வசதியுள்ள 30,000 ரூபாய் மாடலை 12 மாத நோ-காஸ்ட் இ.எம்.ஐ.யில் (வட்டியில்லாத் தவணை) தருகிறோம் என்கிறார்கள். என் கிரெடிட் கார்டில் கொழுந்தனாருக்கு வாங்கிய 40,000 ரூபாய் போன் பாக்கி ஓடுகிறது. மாதம் தவறாமல் அவர் தரும் 2,000 ரூபாயை அப்படியே கட்டுகிறேன். எட்டு மாதமாகியும் பாக்கி 36,800 காட்டுகிறது. 60,000 ரூபாய் எஃப்.டி. இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. ரீடரை எப்படி வாங்கலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: ரீடரால் உங்களுக்குக் கஷ்டம் வராது. அந்த 2,000 ரூபாயால்தான் வருகிறது. அவர் ஒழுங்காகத் தருகிறார், மினிமம் டியூ (மாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) கட்டுவதால் வங்கியும் விரட்டுவதில்லை. கடன் கரைகிறது என்று இருவருமே நினைத்துக்கொள்கிறீர்கள்.

மாத வட்டி 3.5% என்று வைத்துக்கொள்வோம். 40,000க்கு வட்டி 1,400, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. 252. ஆக 1,652 போய்விடுகிறது; அசலில் கழிவது 348 ரூபாய். எட்டு மாதத்தில் 16,000 கட்டி 3,200தான் குறைந்திருக்கிறது. இவ்வளவு வட்டி கட்டிக்கொண்டு எஃப்.டி.யைப் பொத்திவைத்திருப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

எஃப்.டி.யை உடையுங்கள். முன்முடிப்புக்கு அரை முதல் ஒரு சதவீத வட்டி குறையும், போகட்டும். பாக்கி முழுவதையும் கட்டுங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் இடைப்பட்ட நாட்களின் வட்டி தனியாக வரும். அதையும் விடாமல் கட்டினால்தான் கணக்கு தீரும். மீதியைத் திரும்ப டெபாசிட்டில் போடுங்கள். கொழுந்தனாரின் 2,000 இனி உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வரட்டும், இன்னும் 19 மாதம். கார்டு கடன் தீர்ந்தது என்று சொன்னதும் அவர் நிறுத்திவிடக்கூடும். தொகையையும் தேதியையும் முதலிலேயே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நோ-காஸ்ட் என்ற பேச்சே வேண்டாம். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும் அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான்; சுமார் 700 ரூபாய் ஆகும். அதைவிட மோசம், மாதத் தவணையான 2,500 ரூபாயும் மினிமம் டியூவோடு சேரும். வழக்கம்போல 2,000 மட்டும் கட்டினால் தாமதக் கட்டணமும் விழும்.

ரீடருக்கு 10,000 ரூபாய் அளவில் பட்ஜெட் வைத்துத் தேடுங்கள்: 6 அங்குலத் திரை, 300 பி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), உள்விளக்கு. 16 ஜி.பி.யே ஆயிரக்கணக்கான எழுத்துப் புத்தகங்களைத் தாங்கும். கலர் திரை இப்போதைய மோகம். வண்ணத்தில் தெளிவு பாதியாகக் குறையும், பின்னணியும் மங்கல். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் யூனிகோட் நூல்களில் எழுத்தைப் பெரிதாக்கலாம், வரிகள் தானே மடங்கிக்கொள்ளும். ஸ்கேன் செய்த பழைய பி.டி.எஃப்.கள் 6 அங்குலத்தில் கண்ணை வாட்டும். உங்கள் வாசிப்பில் பாதி அவைதான் என்றால் மட்டுமே பெரிய திரையை யோசிக்கலாம். பழைய ரீடர் கிடைத்தால் இன்னும் மலிவு. முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கொழுந்தனார் தரும் ஐந்து மாதப் பணம் சேர்ந்தால் 10,000. அன்றைக்கு ரொக்கமாக வாங்குங்கள்.